சீன சுப்பர்மார்க்கெட்டில் முதல்முறை சாமான் வாங்குபவருக்கு: ஸ்காபரோவிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வடக்கு எல்லை ஸ்டீல்ஸ் வீதி. வீதியைக் கடந்தால் மார்க்கம். இந்த எல்லையை ஒட்டியும், தெற்கே அஜின்கோர்ட் பக்கமும் இருக்கிற பெரிய சீன சுப்பர்மார்க்கெட்டுகளுக்குப் புதிதாக வந்த உறவுக்காரரையும், படிக்க வந்த பிள்ளைகளையும் நான் பல தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். மீன் கவுண்டரில் பேசத் தயங்கி உறைந்த மீன் பெட்டியோடு திரும்புவார்கள். இறாத்தல் விலையைக் கிலோ விலை என்று நினைப்பார்கள். படத்தைப் பார்த்து மா எடுப்பார்கள். அடுத்த முறை அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

நம் சமையலுக்கு வேண்டிய மீனும் மரக்கறியும் கீரையும் அங்கே பச்சையாகக் கிடக்கும்போது தயக்கத்தால் அதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வரிசை தவறாமல் நடப்பதும், பையை வாசித்து எடுப்பதும் பழகிவிட்டால் ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு கிழமைச் சாமான் முடிந்துவிடும்.

1. வீட்டை விட்டு வெளிக்கிடும் முன்

சாமான் பட்டியல் எழுதுவதற்கு முதல் அந்தக் கிழமை என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். மீன் குழம்பு, கங்குன் வறை, ஒரு நாளைக்கு நூடில்ஸ் என்று மூன்று இருந்தால் போதும். இந்தக் கடைகளில் சோஸ் வகைகளுக்கு மட்டும் ஒரு முழு வரிசை இருக்கும். என்ன சமையல் என்று தெரியாமல் அதற்குள் நுழைந்தால் ஆறு போத்தலோடு வெளியே வருவீர்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்து போத்தல் மூடி திறக்காமல் இருக்கும்.

தேடும் சாமானின் படத்தை, சீன எழுத்தில் அதன் பெயர் தெரியும்படி, தொலைபேசியில் சேமித்து வையுங்கள். தட்டு அடுக்குகிறவர்களில் சிலருக்கு ஆங்கிலம் குறைவு. வாயால் விளக்கினால் இருவருக்கும் சங்கடம். படத்தைக் காட்டினால் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அந்தத் தட்டுக்கே கூட்டிக்கொண்டு போவார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: துணிப்பை மூன்று நான்கு, குளிர்ப்பை ஒன்று, அதற்குள் உறையவைத்த ஐஸ் கட்டி, ட்ரொலிக்குப் போட ஒரு டொலர் அல்லது 25 சதக் குற்றி. குளிர்ப்பை கோடைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மாரியிலும் காருக்குள் ஹீட்டர் ஓடும். மீனுக்கு அது வெயில்தான்.

சனி, ஞாயிறு மத்தியானம் போகாதீர்கள். முதல்முறை போகிறவர் நின்று வாசிக்க வேண்டும். பின்னால் பத்து ட்ரொலி நின்றால் வாசிக்க முடியாது. கிழமை நாள் காலை நல்லது. மரக்கறியும் அந்த நேரத்தில்தான் புதிதாக அடுக்கப்பட்டிருக்கும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒன்று. பிரெஸ்டோ என்ற பயண அட்டையில் ஒரு தடவை கட்டும் பணம் ரீரீசி என்ற ரொறன்ரோ நகரப் பஸ்களில் இரண்டு மணித்தியாலத்துக்குச் செல்லும், திரும்பி வருவதற்கும் சேர்த்து. ஸ்டீல்ஸ் கிழக்கு 53ஆம் இலக்க பஸ்ஸில் போய், கடையை முடித்து, அந்த நேரத்துக்குள் மீண்டும் ஏறிவிட்டால் இன்னொரு கட்டணம் இல்லை. அரிசிப் பையை மட்டும் கார் கிடைக்கும் நாளுக்கு வையுங்கள்.

2. கடைக்குள் எந்த வரிசையில் நடப்பது

வாசலில் பெரும்பாலும் பழங்கள்தான் குவிந்திருக்கும். அங்கே நிற்காமல் நேரே பின்சுவருக்குப் போங்கள். மீன் கவுண்டர் அங்கேதான் இருக்கும். இலக்கச் சீட்டு இருந்தால் ஒன்றை எடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். கூட்டம் இருந்தால் இருபது நிமிடமாவது கையில் இருக்கிறது.

அந்த நேரத்தில் அரிசி, மா, சோஸ், நூடில்ஸ் எடுங்கள். இவை பாரமானவை, நசியாதவை. ட்ரொலியின் அடியில் கிடக்கலாம். பிறகு மீனிடம் திரும்பி வந்து தெரிவு செய்து கொடுங்கள். அவர்கள் வெட்டிச் சுத்தம் செய்யும் நேரத்தில் பக்கத்திலேயே மரக்கறி வாங்கலாம். மீன் கைக்கு வந்த பின் ஃப்ரீசர், அதன் பின் பணிஸ், அதன் பின் பில்.

ஏன் இந்த ஒழுங்கு என்றால், காத்திருக்கும் நேரம் வீணாகாது, குளிர்ச் சாமான் கடைசியாக வருவதால் ட்ரொலியில் கிடக்கும் நேரமும் குறையும். என்னோடு முதலில் வந்த பலர் உறைந்த இறாலை முதல் எடுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சுற்றினார்கள். பில் போடும்போது பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

3. விலைப் பலகை

கனடாவில் பில் கிலோவில் போடுவார்கள், பலகையில் பெரிதாக எழுதுவது இறாத்தல் விலையை. 3.99 என்று கை அளவு எழுத்தில் இருக்கும். அதன் கீழ் சின்ன எழுத்தில் கிலோவுக்கு 8.80 என்று இருக்கும். ஒரு இறாத்தல் 454 கிராம். ஆகவே கிலோ விலை இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட. ஊரில் கிலோக் கணக்கில் பழகியவர்கள் மீனிலும் இறைச்சியிலும் இங்கேதான் பிழை விடுகிறார்கள்.

இன்னொரு வகைப் பலகை 100 கிராமுக்கு விலை சொல்லும். கணவாய், சமைத்த இறைச்சி, காய்ந்த காளான் போன்றவற்றில் இதைக் காணலாம். 1.99 என்று பார்த்தவுடன் மலிவு என்று தோன்றும். கிலோவுக்கு அது 19.90 டொலர், இறாத்தலுக்கு ஒன்பது டொலருக்கு மேல். எந்தப் பலகையையும் விலைக்கு முன்னால் அலகைப் பார்த்து வாசியுங்கள்.

மூன்றாவது வகை, ஒரு கட்டுக்கோ பைக்கோ ஒரே விலை. கீரையில் இது வரும். அப்படியானால் பாரமான கட்டைத் தேடி எடுப்பதில் வெட்கம் வேண்டாம். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

4. மீன் கவுண்டர்

இங்கே நீங்கள் மூன்று விதமாக மீனைக் காண்பீர்கள். தொட்டியில் நீந்துவது, ஐஸில் முழுதாகக் கிடப்பது, வெட்டித் தட்டில் சுற்றி வைத்தது. குழம்புக்கு ஐஸில் கிடக்கிற முழு மீனைத்தான் நான் எடுப்பேன். கண்ணையும் செவுளையும் பார்த்து வாங்க முடியும் என்பதுதான் காரணம். கண் பளபளத்துப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அமர்த்தினால் சதை மேலே வர வேண்டும். செவுள் மண் நிறமாக இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விடுங்கள். வெட்டிச் சுற்றிய தட்டில் இந்த மூன்றையும் பார்க்க முடியாது.

தொட்டி மீன் பெரும்பாலும் திலாப்பியா அல்லது பாஸ். கண்ணுக்கு முன்னாலேயே அடித்துத்தான் தருவார்கள். அது மனதுக்கு ஒவ்வாதவர்கள் ஐஸ் மீனோடு நிற்கலாம். உயிர் நண்டு வாங்கினால் காலைத் தொட்டவுடன் இழுக்க வேண்டும். அசையாத நண்டை வாங்க வேண்டாம்.

பெயர் தெரியாமல் தயங்க வேண்டாம், உருவத்தைப் பார்த்தாலே நம் மீன் பாதி பிடிபடும். வட்டமாகத் தட்டையாக இருப்பது வௌவால். நீளமாக வெள்ளிப் பட்டை போலக் கிடப்பது வாளை. முதுகில் கோலம் போட்டது கும்பளா. திரளியும் கணவாயும் பல நாளும் இருக்கும். அறக்குளா, தமிழ்நாட்டார் வஞ்சிரம் என்பது, இங்கே தேடி அலைய வேண்டாம். அது நம் தமிழ்க் கடைகளில் சுலபம்.

அடுத்தது சுத்தம் செய்யச் சொல்வது. கவுண்டருக்கு மேலே பல கடைகளில் ஒரு பலகை தொங்கும். ஒன்று என்றால் செதிள், குடல், செவுள் எடுப்பது; இரண்டு என்றால் தலையும் எடுப்பது; மூன்று என்றால் துண்டு போடுவது என்று போகும். இலக்கங்கள் கடைக்குக் கடை மாறும், ஆகவே அந்தக் கடைப் பலகையை வாசித்துவிட்டு விரலைக் காட்டுங்கள். இதற்குக் காசு எடுப்பதில்லை. சில இடங்களில் பொரித்தும் தருவார்கள்.

பிழை நடக்கும் இடம் தலை. நிறுத்து விலை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்பு. தலைக்கும் நீங்கள் காசு கொடுத்துவிட்டீர்கள். ஆனால் பேசாமல் நின்றால் அது குப்பைக்குப் போகக் கூடும். "கீப் த ஹெட்" என்று சொல்லி, உங்கள் கழுத்தில் விரலைக் காட்டி, பிறகு பையைக் காட்டுங்கள். சொதிக்குத் தலை வேண்டும். குழம்புக்குத் துண்டு என்றால் விரல் இரண்டைச் சேர்த்துத் தடிப்பைக் காட்டுங்கள்; சும்மா துண்டு என்றால் மூன்றாக வெட்டி நிறுத்திவிடுவார்கள்.

தட்டில் முன்பு உறைய வைத்தது என்று சின்னதாக அச்சடித்திருந்தால் அன்றைக்கோ மறுநாளோ சமைக்கும் அளவு மட்டும் எடுங்கள். அதைத் திரும்ப உறைய வைத்துக் குழம்பில் போட்டால் சதை உதிர்ந்து முள் மட்டும் மிஞ்சும். பச்சையாகச் சாப்பிட விரும்புகிறவர்கள் அதற்கென்று தனியே விற்கும் குளிர்த்தட்டில் மட்டும் வாங்குங்கள். ஐஸில் கிடக்கும் முழு மீன் அதற்கானது இல்லை.

5. மரக்கறியும் கீரையும்

எனக்கு இந்தக் கடைகளில் மிகப் பிடித்த இடம் இது. பலகைப் பெயர்தான் ஆட்களைக் குழப்பும். சைனீஸ் ஓக்ரா என்று எழுதியிருப்பது வெண்டிக்காய் இல்லை, அது பீர்க்கங்காய். வின்டர் மெலன் நம் நீற்றுப்பூசணி. ஃபஸி மெலன் என்று மயிர் படர்ந்து கிடப்பதும் அதே இனத்தின் பிஞ்சுதான், கூட்டுக்கு நன்றாக வரும். ஓப்போ என்பது சுரைக்காய். லோங் பீன்ஸ் பயித்தங்காய். வெளிர்ப்பச்சையில் மொழுமொழுவென்று இருக்கும் சீனப் பாகற்காய் நம் கரும்பச்சைக் காயை விடக் கசப்புக் குறைவு. பொரியலுக்கு எடுக்கலாம், தீயலுக்கு எனக்கு அது போதாது.

கீரையில் ஒங் சோய் என்பது கங்குன். யின் சோய் என்பது நம் கீரை, தமிழ்நாட்டில் தண்டுக்கீரை என்று சொல்வது; நடு இலையில் சிவப்பு ஓடிய வகையும் இருக்கும். காய் சோய் கடுகுக் கீரை, கைப்பும் காரமும் உண்டு, தேங்காய்ப்பூ போட்டு வறுத்தால் அருமை. முதல்முறை வாங்குபவர் கங்குனோடு தொடங்குங்கள்: தண்டை ஒடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் அது நேற்றையது. அன்றைக்கே அல்லது மறுநாளே சமைக்க வேண்டிய கீரை இது.

கங்குன் தண்டு உள்ளே குழாய். மண் அதற்குள்ளும் இலைக் கணுவிலும் தங்கும். வெட்டிய பின் அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையைக் கையால் அள்ளி வெளியே எடுங்கள். தண்ணீரோடு சேர்த்து வடிகட்டினால் அடியில் இறங்கிய மண் திரும்பவும் கீரை மேலேயே விழும்.

சேப்பங்கிழங்கில் இரண்டு உண்டு. பெரிய தலை அளவு ஒன்று, முட்டை அளவு ஒன்று. குழம்புக்குச் சின்னதை எடுங்கள். இரண்டையும் தோல் சீவும்போது கை காய்ந்திருக்க வேண்டும், அல்லது கையுறை போடுங்கள். அதில் இருக்கும் ஒக்சலேற் ஊசிகள்தான் அரிப்புக்குக் காரணம். அரை வேக்காட்டில் இறக்கினால் தொண்டையும் அரிக்கும். நன்றாக அவியுங்கள்.

மரவள்ளிக்கிழங்கு மெழுகு பூசி வரும். கடையில் நுனி முறித்துப் பார்க்க விடுவதில்லை, ஆகவே கீறல் இல்லாத, பாரமான கிழங்கை எடுங்கள். வீட்டில் வெட்டும்போது உள்ளே கறுப்பு நரம்பு ஓடியிருந்தால் அந்தப் பகுதியை எறியுங்கள். பச்சையாக ருசி பார்க்கக் கூடாது. தோலைத் தடிப்பாக உரித்து, அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இந்தக் கரைச்சல் வேண்டாம் என்றால் ஃப்ரீசரில் தோல் நீக்கியது இருக்கிறது.

கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சைக் கொத்தவரங்காய் ஆகியவற்றுக்கு இங்கே நேரம் செலவழிக்காதீர்கள். தமிழ்க் கடைக்குப் போங்கள்.

6. மா, அரிசி, சோஸ்

போன வருடம் என் அக்காவின் மகள் படிக்க வந்தாள். முதல் கிழமையே தனியாகக் கடைக்குப் போய் மா வாங்கி, இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "சித்தி, மா பசை மாதிரிக் கையில ஒட்டுது. புட்டே வரேல்ல." பையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். யானைத் தலை போட்ட பச்சைப் பை.

அந்தத் தாய்லாந்து மாவின் பெயர் எராவான். ஒரே யானைப் படம், ஒரே அளவுப் பை, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். நிறம்தான் வேறு. சிவப்பு எழுத்துப் பை சாதாரண அரிசி மா. பச்சை, ஒட்டும் அரிசி மா. நீலம், மரவள்ளி மா. இடியப்பத்துக்குச் சிவப்பை எடுத்து, கொதிநீர் விட்டுக் குழையுங்கள். மிக நுண்ணிய மா என்பதால் வறுத்து எடுத்தால் நல்லது. புட்டுக்கு இந்த நுண்மை உதவாது. அதற்குத் தமிழ்க் கடையில் வறுத்த மா வாங்குவதுதான் சரி.

அரிசியிலும் இதே கவனம் வேண்டும். ஜாஸ்மின் நீளமானது, வாசமானது, தினச் சோற்றுக்கு ஏற்றது. பையில் நியூ க்ரொப் என்று இருந்தால் அது புது அரிசி, ஈரம் கூட. வழக்கமாக வைக்கும் தண்ணீரில் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் குழையும். ஒட்டும் அரிசி பால்வெள்ளையாக இருக்கும். அதன் ஆங்கிலப் பெயரில் குளூட்டினஸ் என்று வருவதைப் பார்த்துக் கோதுமை ஒவ்வாதவர்கள் பயப்படுகிறார்கள். அது ஒட்டும் தன்மையைச் சொல்கிறது, அரிசியில் குளூட்டன் இல்லை.

சோயா சோஸில் லைட் என்பது உப்புக் குறைந்தது என்று எடுப்பவர்கள் அதிகம். லைட் என்பது நிறத்தால் மெல்லியது, உப்பு அதில்தான் தூக்கல். சுவைக்குச் சேர்ப்பது இதைத்தான். டார்க் என்பது தடித்தது, கறுத்தது. நிறத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும். ஒரே போத்தல் வாங்குவதானால் லைட் வாங்குங்கள். உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் பின்பக்க அட்டவணையில் சோடியம் அளவைத்தான் ஒப்பிட வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கு இரண்டும் ஆகாது, சாதாரண சோயா சோஸில் கோதுமை இருக்கிறது.

தேங்காய்ப்பால் டின்னில் சேர்மானத்தைப் பாருங்கள். தேங்காயும் தண்ணீரும் முதலில் இருக்க வேண்டும். கிரீம் என்றால் நம் முதற்பாலை விடக் கட்டி, லைட் என்றால் மூன்றாம் பால். பெயரைத் திருப்பிப் போட்டு க்ரீம் ஒவ் கோகனட் என்று எழுதிய டின் சீனி போட்டது. அதைச் சொதியில் ஊற்றினால் அந்தச் சொதியை யாரும் சாப்பிட முடியாது.

7. பையின் பின்பக்கம்

இறக்குமதிச் சாமானில் பின்பக்கம் ஒரு வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். கனடாவில் ஒவ்வாமைப் பொருட்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முட்டை, பால், வேர்க்கடலை, மீன், இறால் நண்டு வகை, எள், சோயா, கோதுமை போன்றவற்றோடு கடுகும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கன்டெய்ன்ஸ் என்ற சொல்லைத் தேடி வாசியுங்கள், நீண்ட சேர்மானப் பட்டியலை விட அது விரைவு.

வெள்ளிக்கிழமைச் சைவத்துக்கும் கந்தசஷ்டி விரதத்துக்கும் வாங்குகிறவர்கள் முன்பக்கப் படத்தை நம்பக் கூடாது. காளான் படம் போட்ட நூடில்ஸுக்குள் மாட்டுச் சாற்றுத் தூள் இருக்கலாம். தாய் கறிப் பசைகள் பலவற்றில் இறால் சேரும். கிம்ச்சியில் மீன் சோஸ் அல்லது உப்பு இறால் வழக்கம். ஜப்பான் சூப் தூளில் காய்ந்த மீன். ஒயிஸ்டர் சோஸ் சிப்பியில் செய்வது. அதற்குப் பதிலாகக் காளானில் செய்த சைவச் சோஸ் அதே தட்டில் கிடைக்கும். மாறாக, தாரா இறைச்சி போல டின்னில் படம் இருந்தாலும் உள்ளே கோதுமைப் புரதம் மட்டும் உள்ள முழுச் சைவமும் உண்டு.

தைவான் தயாரிப்புகளில் சைவத்தை ஐந்தாகப் பிரித்து அச்சிடுவார்கள்: முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு இனம் சேர்ந்தது. விரதத்துக்கு வெங்காயமும் விலக்குகிற வீடுகளுக்கு இந்தப் பிரிவு பெரிய உதவி. தொலைபேசியின் கமராவால் மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திகதிதான் இன்னும் சிக்கல். சீனப் பைகளில் தெரிவது சில வேளை தயாரித்த நாள். பக்கத்தில் 18 மாதம் என்று ஆயுள் தனியே எழுதியிருக்கும். அந்த நாள் கடந்துவிட்டதே என்று நல்ல சாமானைத் திருப்பி வைக்கிறார்கள். தாய்லாந்துப் பையில் 2569 என்றிருந்தால் பயப்படாதீர்கள், 543ஐக் கழித்தால் 2026. தைவான் ஆண்டு 115 என்றால் 1911ஐக் கூட்டுங்கள், அதுவும் 2026.

கனடா ஸ்ரிக்கரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. மாதத்துக்கு இரண்டு எழுத்துத்தான். எம்ஏ என்றால் மே, எம்ஆர் என்றால் மார்ச். ஜேஎன் ஜூன், ஜேஎல் ஜூலை. டோஃபுவிலும் பாலிலும் இந்த வித்தியாசம் முக்கியம்.

8. ஃப்ரீசரும் டோஃபுவும்

இறால் பெட்டியில் 16/20, 31/40 என்று இருக்கும். அது விலையோ திகதியோ இல்லை. ஒரு இறாத்தலுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு. எண் கூடினால் இறால் சின்னது. பொரியலுக்கு 16/20, குழம்புக்கும் ஃப்ரைட் ரைஸுக்கும் 31/40 போதும், விலையும் குறையும். பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். தனித்தனியாக உறைய வைத்த இறால் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் ஒரு தடவை இளகித் திரும்ப உறைந்திருக்கலாம்.

நான் எப்போதும் எடுப்பது பாண்டன் இலை. நம் ரம்பைதான் அது, தாய்லாந்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் உறைந்து வரும். முருங்கை இலையைப் பிலிப்பைன்ஸ் சாமான்களுக்குள் மலுங்காய் என்ற பெயரில் தேடுங்கள். வாழையிலையும் அங்கேயே, இளகிய பின் அடுப்பில் ஒரு தரம் காட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது.

டோஃபுவில் ஒரு விதி போதும். கறிக்கு ஃபேர்ம் அல்லது பொரித்தது. சில்கன் என்பது தயிர் போல, கரண்டி பட்டாலே உடையும்.

9. பணிஸும் பில்லும்

பணிஸ் தட்டில் கையால் தொட வேண்டாம். இடுக்கியும் தட்டும் பக்கத்தில் இருக்கும். பன்றிக் கொழுப்புச் சேர்ந்தவை உண்டு, கேட்டு எடுங்கள். ஒன்ராறியோவில் சமைக்க வாங்கும் உணவுக்கு வரி இல்லை; சூடான சாப்பாடு, சிப்ஸ், சோடா போன்றவற்றுக்கு 13 சதவீதம். இனிப்பு உள்ளீடு வைத்த பணிஸ் ஆறுக்குக் குறைவாக எடுத்தால் வரி, ஆறோ அதற்கு மேலோ என்றால் இல்லை. ஐந்தோடு நிற்கிறவர்கள் இன்னொன்று வையுங்கள்.

மரக்கறியை நீங்கள் நிறுக்க வேண்டியதில்லை, காசாளர் நிறுப்பார். ஆனால் ஒவ்வொரு கீரையையும் தனித்தனிப் பையில் போடுங்கள். ஒரே பையில் கலந்தால் விலை கூடிய கீரையின் குறியீட்டில் எல்லாம் போய்விடும். திரையைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். ஒரு தடவை ஒரு கடையில் எனக்குச் சின்னச் சேப்பங்கிழங்கைப் பெரியதின் விலையில் அடித்துவிட்டார்கள். அந்த இடத்திலேயே காட்டினேன், திருத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்திருந்தால் அதற்காகத் திரும்பிப் போயிருக்க மாட்டேன்.

10. வீட்டுக்கு வந்தவுடன்

முதலில் மீன். கழுவித் தண்ணீரை வடியவிட்டு, ஒரு நேரச் சமையல் அளவாகப் பிரித்து, தலையைத் தனிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். கடையில் சுத்தம் செய்தாலும் வயிற்றுக்குள் கறுப்புத் தோலும் முள்ளை ஒட்டிய இரத்தமும் மிஞ்சும். அதை எடுக்காவிட்டால் குழம்பில் கவிச்சு வரும். பிறகு கீரையைக் கழுவாமல் காகிதத்தில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஈரம்தான் அதை அழுக வைக்கிறது. திறந்த டோஃபுவைத் தண்ணீரில் மூழ்க வைத்து, நாளுக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

போத்தல்களிலும் மாப் பைகளிலும் அன்றைக்கே தமிழில் பெயர் எழுதி ஒட்டுங்கள், திறந்த திகதியோடு. வீட்டில் இன்னொருவர் சமைக்கும்போது கறுப்புப் போத்தல்கள் நான்கும் ஒன்று போலத்தான் தெரியும்.

பச்சைப் பை மாவைத் தெரியாமல் வாங்கிவிட்டவர்கள் அதை எறிய வேண்டாம். ஒரு கோப்பை மாவுக்கு முக்கால் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, காது மடல் போல மென்மையாகக் குழையுங்கள். அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்து எலுமிச்சங்காய் அளவில் உருட்டுங்கள். ஆவியில் வைத்தால் பரந்து தட்டையாகும், ஆகவே கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். மேலே மிதந்து வந்து இன்னும் ஒரு நிமிடம் போனதும் கரண்டியால் எடுங்கள். அக்காவின் மகள் இப்போது அந்தப் பச்சைப் பையைத் தெரிந்தேதான் வாங்குகிறாள்.